வேறு மூலம் இல்லாத பிரதி

ஷெஃபீல்டு
8 செப்டம்பர் 2002

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பென்சன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் ஜூலியாவும் இங்கே சுகம். அத்தானின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஜனக்புரியில் இந்த வருஷம் மழையே இல்லை என்று ஜூலியாவிடம் போனில் சொன்னாயாம். இங்கிருந்து கொஞ்சம் அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுவேன்.

ஜூலியாவுக்கு ஆஸ்பத்திரியில் மாதம் முழுக்க நைட் டியூட்டி. எனக்குக் கிட்டங்கியில் பெட்டிகளை எண்ணி அடுக்கும் வேலை. யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை.

ஓர் உதவி வேண்டும். உன் வீட்டில் வைத்துவிட்டு வந்த நீல டிரங்குப் பெட்டியில் பெல்ஃப்ரி லேன் ராக் பேண்டின் கச்சேரி சி.டி. தட்டுகள் நூற்றுப் பதினெட்டு இருக்கின்றன. அவர்கள் கலைந்துபோய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஊர் ஊராக அவர்கள் வாசித்ததைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யார் யாரோ டேப்பில் பிடித்தார்கள். உலகம் முழுக்கச் சில பேர் அதைப் பத்திரப்படுத்தித் தபாலில் கைமாற்றிக்கொள்கிறோம். டெல்லி வட்டத்தில் ஐந்து பேர். மயூர் விஹார் தட்சிணாமூர்த்தி சார்தான் தலை. தட்டு வந்தால் பிரதி எடுத்து, முழுக்கக் கேட்டு, குறிப்பு எழுதி, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். நான் கிளம்பியதிலிருந்து என் இடம் காலி. வருஷ முடிவுக்குள் யாரும் உட்காராவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள். அதைவிட எனக்குப் பெரிய நஷ்டம் கிடையாது அக்கா. என் இடத்தில் நீ உட்கார வேண்டும்.

எல்லாம் லாஸ்லெஸ். அதாவது, பாட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி வைப்பது. விரித்தால் ஒரு கோரைகூடக் குறையாமல் அப்படியே கிடக்கும். எம்பி3 என்பது பாயின் ஓரங்களைக் கத்தரித்துவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிடுவது. அதை வட்டத்துக்குள் விடக்கூடாது. விற்கக்கூடாது. இருமல், சீட்டி, தப்பு எதையும் வெட்டக்கூடாது. தட்டின்மேல் பேனா படக்கூடாது, மை உள்ளே இறங்கிவிடும், எழுதுவதெல்லாம் உறையில்தான். குறிப்பில் பொய் கூடாது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை கை மாறியது, எங்கே குறை, எல்லாம் இருக்க வேண்டும்.

கடைசியாக எனக்கென்று ஒன்று. வட்டத்துக்கு நாலு வரி எழுதினால் போதும். எனக்கு நிறைய எழுது, நிமிடம் போட்டு. இங்கே என் பிளேயர் அவ்வளவு சரியில்லை.

உன் ஜெபத்தில் எங்களை மறக்காதே.

தம்பி
பென்சன்


ஜனக்புரி
29 செப்டம்பர் 2002

கர்த்தருக்குள் அன்பான தம்பி பென்சனுக்கு,

அக்னஸ் அக்கா எழுதுவது. அவர் கிருபையால் நானும் உன் அத்தானும் இந்த வெயிலையும் கடந்துவிட்டோம். நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் பண்ணினால் எப்போதும் ஜூலியாவே எடுக்கிறாள். நீ குளிக்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாய் என்கிறாள். இவ்வளவு குளிக்கிற ஆள் இல்லையே நீ.

உன் கடிதத்தை மூன்று நாள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்து ஜெபித்தேன். மறைப்பானேன், எனக்குச் சம்மதமில்லை. காலேஜில் படிக்கும்போது பெல்ஃப்ரி லேன் என்றால் மணிக்கூண்டுத் தெரு என்று நீ சொன்னதை நம்பி, ஏதோ இங்கிலீஷ் கொயர் என்று அம்மாவிடம் உனக்காகப் பரிந்து பேசியவள் நான். அப்புறம் ஒரு நாள் கதவைத் திறந்து கேட்டபோதுதான் தெரிந்தது. இப்படி ஹெட்போனை மாட்டிக்கொண்டால் காது போய்விடும், அப்பா மாதிரி ஆகிவிடுவாய் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

உன் அத்தானிடம் கேட்டேன். பேப்பரை இறக்காமலே பதில் சொன்னார். "மாதர் சங்கத்துல அத்தன பேரு சண்டையையும் உக்காந்து கேக்க. இது நாலு பேரு சத்தம்தான? கேளு." அவர் சொன்னதும் நியாயமாகப்பட்டது.

நீ எழுதி ஒட்டிவைத்துப்போன தாளைப் பார்த்து நானே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று. பிரதி எடுத்ததும் மூலத்துக்கும் பிரதிக்கும் ஒரு நீளமான எண் வருகிறதே, இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருந்தால்தான் சரி என்று, அது எனக்குப் பிடித்திருக்கிறது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் அப்படி ஓர் எண் இருந்தால் நன்றாயிருக்கும்.

மயூர் விஹாருக்குப் பஸ் மாறி மாறிப் போய் தட்சிணாமூர்த்தி சாரைப் பார்த்தேன். என்னை வாசலில் பார்த்ததும் சீட்டுக் கம்பெனிக்காரி என்று நினைத்துவிட்டார். உன் பெயரைச் சொன்னதும் நாற்காலி போட்டார். லீட்ஸ், 1972 என்று உறையில் எழுதிய மூன்று தட்டு கொடுத்திருக்கிறார். தொடங்குமுன் ஒரு கேள்வி. பாட்டில் தேவதூஷணமான வார்த்தை உண்டா? உண்மையைச் சொல்.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அக்கா
அக்னஸ்


ஷெஃபீல்டு
23 அக்டோபர் 2002

அன்பு அக்கா,

சுகம். சுகம் அறிய ஆவல். உன் கடிதத்தை ஜூலியாவிடமும் வாசிக்கக் கொடுத்தேன். சீட்டுக் கம்பெனி இடத்தில் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டாள்.

தேவதூஷணம் ஒன்றும் இல்லை. நீ வாங்கிவந்த லீட்ஸ் தட்டில் நான்காம் பாட்டைக் கவனி, அதில் ஒரு மனிதன் ஆற்றங்கரையில் படகைத் தவறவிடுகிறான். அடுத்த படகுக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். இருபது நிமிடம் காத்திருக்கிறான்.

நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதே. எந்த நிமிடத்தில் யார் என்ன செய்கிறார் என்று எழுது. ஆர்கன் எப்போது நுழைகிறது, எப்போது அடங்குகிறது, கூட்டம் என்ன செய்கிறது. உனக்கு டோரேமி சுரங்கள் தெரியும், யாரும் சொல்லித்தராமல் கொயர் புத்தகத்தைப் பார்த்தே கற்றவள் நீ. அதை வைத்து எழுது. எனக்குப் புரியும்.

அத்தானுக்கு என் அன்பு.

பென்சன்


ஜனக்புரி
24 நவம்பர் 2002

என் அருமைத் தம்பிக்கு,

சமாதானம் உண்டாவதாக. கம்பளி எல்லாம் வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். அத்தானுக்கு முட்டியில் எண்ணெய் தேய்க்கும் காலம் வந்துவிட்டது. மற்றபடி குறைவில்லை.

லீட்ஸ் தட்டு மூன்றையும் மூன்று முறை கேட்டேன். முதல் முறை தலைவலி. இரண்டாம் முறை பென்சிலும் நோட்டும். மூன்றாம் முறை நோட்டை எடுக்கவே மறந்துவிட்டேன். வெட்கமாக இருந்தாலும் விதிப்படி எழுதுகிறேன்.

நான்காம் பாட்டு, மொத்தம் 19 நிமிடம் 20 வினாடி. தொடக்கத்தில் யாரோ ஓர் ஆள் டேப்புக்குப் பக்கத்தில் இருமுகிறான். அதே ஆள் எட்டாம் நிமிடத்திலும் இருமுகிறான். பாவம், நல்ல சளி. ஆறாம் நிமிடத்தில் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆர்கன்காரர் மட்டும் 'ஸோ'வில் வைத்த விரலை எடுக்கவில்லை. நாற்பத்தொரு வினாடி, கடிகாரம் பார்த்து எழுதினேன். அந்த ஒரே சுரத்துக்குக் கீழே பேஸ் கிட்டார்காரர் டோ, டீ, லா என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறார். மேலே இருப்பது மாறவேயில்லை. ஆனால் கீழே ஒவ்வொரு படிக்கும் அது வேறு சுரமாகக் கேட்கிறது. பென்சன், நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கோயிலிலேயே நிற்கச் சொன்னால்தான் நிற்போம்.

அப்புறம் டிரம்ஸ்காரர். அடி விழவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி அடிக்கிறார். அவர் பிந்தியதுபோல இல்லை, நாம்தான் முந்திவிட்டதுபோல இருக்கிறது. நான்கு நிமிடம் அப்படியே இழுத்துக்கொண்டுபோய், பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒரே ஓர் அடியைச் சரியான இடத்தில் போடுகிறார். மூவாயிரம் பேர் ஒரே மூச்சாகக் கத்துகிறார்கள். படகு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சரியா?

தட்சிணாமூர்த்தி சார் என் நாலு வரியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பென்சன் எழுதுறப்போ எல்லாமே பிரமாதம்னு போட்டுடுவான். நீங்க இருமலை எண்ணி இருக்கேள். இனிமே தட்டு நேரே உங்களுக்குத்தான் முதல்ல வரும்" என்றார். உன் இடம் பத்திரம்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அக்னஸ் அக்கா

(இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? ஜெபக் குறிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறேன்.)


ஜனக்புரி
19 ஜனவரி 2003

அன்புத் தம்பி பென்சனுக்கு,

கிறிஸ்துமஸ் கார்டு வந்தது, கடிதம் வரவில்லை. சுகவீனமா? இங்கே பத்து நாளாகப் பனிமூட்டம், எதிர் வீட்டு பால்கனி தெரியவில்லை. அத்தானும் நானும் ஹீட்டரைப் பங்குபோட்டுக்கொண்டு சுகமாயிருக்கிறோம்.

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். பர்மிங்ஹாம், 1973, இரண்டு தட்டு. அதே படகுப் பாட்டுத்தான், ஆனால் அதே பாட்டு இல்லை. இதில் பாடுகிறவருக்கு இரண்டாம் சரணத்தின் நடுவே, 4 நிமிடம் 50 வினாடியில், வார்த்தை மறந்துபோகிறது. கூட்டத்தில் ஒருத்தி சிரிக்கிறாள். உடனே ஆர்கன்காரர் அவர் விட்ட மெட்டை எடுத்து, அவர் குரல் போலவே வளைத்து, சரணத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். கொயரில் மேல்குரல் சோப்ரானோக்காரிகள் விட்டுவிட்டால் நான் கீழ்க்குரல் ஆல்ட்டோவிலிருந்து தாங்குவேனே, அதைப் போல. இதை வெட்டக்கூடாது என்று நீங்கள் விதி வைத்ததற்காக உங்கள் வட்டத்தையே மதிக்கிறேன். வெட்டியிருந்தால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தாங்கியது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஒரு சந்தேகம். இரண்டாம் தட்டில் பதினோராம் நிமிடத்தில் இடது காதில் 'டக்' என்று ஒரு சத்தம். மூல டேப்பிலேயே இருக்கிறதா, எனக்கு முன் கைமாறிய ஏதோ ஒரு பிரதியில் வந்த பிழையா என்று தெரியவில்லை. முன்பு நீ கேட்ட பிரதி உனக்கு ஞாபகமிருக்கும். அதனால் அந்தத் தட்டையே இதோடு அனுப்புகிறேன். கேட்டுச் சொல். அதன்படிதான் குறிப்பில் எழுத வேண்டும்.

உன் கம்ப்யூட்டருக்கு ஓர் ஆசீர்வாதமும் கிடைத்தது. எங்கள் மாதர் சங்கத்துப் பாட்டுப் பயிற்சியையும் இன்றைக்கு ஒரு தட்டில் ஏற்றினேன். எல்லாத் தட்டையும் அத்தானின் பழைய வேட்டித் துணியால் துடைத்து மேசைமேல் பரப்பியிருக்கிறேன்.

உன் கையெழுத்தைப் பார்க்க ஆசையாயிருக்கிறது. அவருடைய செட்டைகளின்கீழ் உங்களை ஒப்படைக்கிறேன்.

அக்கா


ஷெஃபீல்டு
18 பிப்ரவரி 2003

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை. வேறொன்றுமில்லை, சுகம்தான்.

தட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து முழுக்கக் கேட்டேன். எவ்வளவு தெளிவான பிரதி! அந்த டிரம்ஸ் நெஞ்சில் வந்து விழுகிறது. பதினோராம் நிமிட 'டக்' மூல டேப்பிலேயே இருப்பதுதான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படியே குறிப்பில் எழுதிவிடு. ஆர்கன்காரரைப் பற்றி நீ எழுதியது ஒவ்வொரு வார்த்தையும் சரி. இருபது வருஷமாகக் கேட்கிறேன், அவர் தாங்குகிறார் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

நிறுத்தாதே அக்கா. அடுத்தது எந்த ஊர்?

எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், பாடுகிறவர் மட்டும் இல்லை. ஜெபக் குறிப்பில் தாராளமாகச் சேர்த்துக்கொள்.

பென்சன்


ஜனக்புரி
10 மார்ச் 2003

கர்த்தருக்குள் பிரியமான ஜூலியாவுக்கு,

மதினி எழுதுவது. நீ நைட் டியூட்டியிலிருந்து இறங்கிவிட்டாயா? உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் உனக்கு மட்டும். அதனால்தான் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் பெண்கள் ஜெப நாள். நாலு சபையிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். நாங்கள் பழகிய பாட்டை அவர்களுக்கும் சொல்லித்தர, பயிற்சித் தட்டை ஹாலில் போட்டேன். எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள். வந்தது பெல்ஃப்ரி லேன். நிறுத்தப்போனால் பிளேயர் மூடி இறுகிக்கொண்டது. சுவிட்சைத் தேடிப் பிடுங்குவதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. சங்கத் தலைவி பாப்பம்மாள் அக்காவை உனக்குத் தெரியும். முகத்தில் ஈ ஆடவில்லை.

"அக்னசு, இது நம்ம சங்கமா?"

"இல்லக்கா."

"அதான பாத்தேன். நம்ம சங்கம்னா இதுக்குள்ள ரெண்டு தடவ தாளம் ஓடிருக்குமே. அந்தக் கொட்டுக்காரன் பிடிச்ச பிடியில நிக்கான் பாரு" என்றார்கள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில்தான் சிரிப்பு நின்றது. தட்டின்மேல் எழுதக்கூடாது என்பது பென்சனின் விதி. துடைத்துப் பரப்பியபோது இரண்டும் ஒன்றுபோல இருந்திருக்கின்றன, உறை மாறிவிட்டது. அப்படியானால் ஜனவரியில் நான் பென்சனுக்கு அனுப்பியது பர்மிங்ஹாம் இல்லை. பன்னிரண்டு பெண்களும் ஓர் ஆர்மோனியமும். அதைக் கேட்டுவிட்டு, டிரம்ஸ் நெஞ்சில் விழுகிறது என்று எழுதியிருக்கிறான்.

எங்கள் அப்பா கடைசி இரண்டு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் போதகரின் கையைப் பிடித்து, இன்றைய பிரசங்கம் என்னைத் தொட்டது என்பார்கள். ஒரு ஞாயிறு பிரசங்கமே இல்லை, பாட்டு ஆராதனை மட்டும். அன்றைக்கும் சொன்னார்கள். அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஜூலியா, நீ நர்ஸ். என்னிடம் சுற்றி வளைக்க வேண்டாம். என் தம்பிக்குக் காது கேட்கிறதா?

அக்னஸ்


ஷெஃபீல்டு
24 மார்ச் 2003

மரியாதைக்குரிய மதினிக்கு,

ஜூலியா எழுதுகிறேன். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நீங்களே கண்டுபிடித்துவிட்டதால் நான் சத்தியத்தை மீறியதாக ஆகாது என்று நினைக்கிறேன்.

கேட்கவில்லை மதினி. டெல்லியை விட்டுக் கிளம்பும்போதே வலது காது இல்லை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இடதும் போக ஆரம்பித்தது. மாமாவுக்கு வந்ததேதான், வம்சத்தில் வருவது என்று டாக்டர் சொல்கிறார். பாட்டுக் கேட்டதால் வந்ததில்லை. மெஷின் மாட்டினால் முகம் பார்த்துப் பேசுவது புரிகிறது. போனில் புரிவதில்லை. பாட்டு, தகர டப்பாவை உருட்டுவதுபோல இருக்கிறதாம். போன நவம்பரில் ஒரு நாள் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் இதில் பாட்டுக் கேட்டு அவர்களை அவமானப்படுத்த மாட்டேன் என்றார்.

அதற்கடுத்த வாரம் உங்கள் லீட்ஸ் கடிதம் வந்தது. டெல்லியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த லீட்ஸ் தட்டைப் பிளேயரில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உங்கள் கடிதத்தை மடியில் விரித்துவைத்து உட்கார்ந்தார். ஒரு கண் பிளேயரில் ஓடும் நிமிடத்தில். விரல் உங்கள் வரியில். ஆறாம் நிமிடம் வந்ததும் விரலை அங்கேயே நிறுத்திவைத்தார். நாற்பத்தொரு வினாடி எடுக்கவில்லை. அப்புறம், அழுகிறாரா என்று பார்க்கப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது ஞாயிறுதோறும் அப்படித்தான்.

நீங்கள் "அப்பவே சொன்னேன்" என்பீர்கள் என்று அவர் பயப்படவில்லை. தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவீர்கள், கேட்காதவனுக்கு எதற்குப் பாட்டு என்று ஜெபம் மட்டும் அனுப்புவீர்கள் என்றுதான் பயம்.

என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு என் வணக்கம்.

ஜூலியா


ஜனக்புரி
21 ஏப்ரல் 2003

உயிர்த்தெழுந்தவரின் நாமத்தில் என் தம்பிக்கு,

நேற்று ஈஸ்டர். பண்டிகை முடியட்டும் என்று காத்திருந்தேன். அத்தான் சுகம், நானும் சுகம்.

குறிப்பில் பொய் கூடாது என்பதால் முதலில் திருத்தத்தை எழுதுகிறேன். ஜனவரியில் நான் அனுப்பிய தட்டு பர்மிங்ஹாம் அல்ல. உறை மாறிவிட்டது, பிழை என்னுடையது. அது எங்கள் மாதர் சங்கப் பயிற்சி. பதினோராம் நிமிட 'டக்' மூலத்தில் உள்ளது என்று உன் வார்த்தையை நம்பி வட்டத்துக்கு எழுதியிருந்தேன். மயூர் விஹாருக்குப் போய் அந்த வரியை அடித்து, 'தெரியவில்லை' என்று மாற்றி எழுதிவிட்டு வந்தேன். ஏன் என்று தட்சிணாமூர்த்தி சார் கேட்டார். என் தம்பிக்கு ஞாபகப் பிசகு என்று மட்டும் சொன்னேன். இடம் உன்னுடையதுதான்.

நீ இதற்கு ஒன்றும் விளக்கம் எழுத வேண்டாம். காதைப் பற்றி நான் அந்த நாளில் பேசியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவுதான், இனி பாட்டுக்குப் போவோம்.

உண்மையான பர்மிங்ஹாம் தட்டு இதோடு வருகிறது. உறையில் முடிச்சுப் போட்டு நூல் கட்டியிருக்கிறேன். இரண்டாம் தட்டை நாற்பது நாளாக நாளுக்கு ஒரு முறை கேட்டேன், லெந்து கால உபவாச ஒழுங்குபோல. எழுதியதெல்லாம் பதினான்கு பக்கம், தனித் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன், விரல் வைக்க வசதியாக இருக்கும். டிரம்ஸ் நெஞ்சில் விழுவதாக நீ எழுதியது தற்செயலாகச் சரிதான். விழுகிறது, ஆனால் ஏழாம் நிமிடத்திலிருந்துதான். அதுவரை அவர் தாளத்தகட்டை மட்டும் குச்சி நுனியால் தொடுகிறார், வெந்நீரில் அரிசி விழுவதுபோல. ஆர்கன் இந்த முறை 'ஸோ'வில் நிற்கவில்லை. 'டீ'யில் நிற்கிறது. 'டீ' என்றால் வீட்டு வாசற்படிமேல் ஒரு கால். உள்ளே வந்துவிடவும் இல்லை, போய்விடவும் இல்லை. ஐம்பத்தாறு வினாடி. கிட்டார்காரர் வந்து கையைப் பிடித்து 'டோ'வுக்குள் அழைத்துக்கொண்டு போகிறார். இப்படி ஒன்றை மனிதர்கள் கட்டணம் கொடுத்து வந்த கூட்டத்தின் நடுவே, திரும்ப நடக்காது என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். அவர்களை நினைத்து ஸ்தோத்திரம் பண்ணினேன்.

கடைசியாக, விதிப்படி ஓர் அறிவிப்பு. இது எந்த வழியாக உன்னிடம் வருகிறது என்று எழுதவேண்டுமல்லவா? பர்மிங்ஹாம் மேடையிலிருந்து, கூட்டத்தில் சிரித்தவளுக்குப் பக்கத்திலிருந்த டேப்புக்கு. டேப்பிலிருந்து தட்டுக்கு. தட்டிலிருந்து அக்னஸின் காதுக்கு. காதிலிருந்து பேனாவுக்கு. கடைசி இரண்டு கைமாற்றத்திலும் நிறைய கொட்டிப்போயிருக்கிறது. எண் சரிபார்க்க வழியில்லை. இது லாஸ்லெஸ் பிரதி அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். இப்படிப்பட்டதை உன் விதி ஏற்குமா, நான் தொடர்ந்து அனுப்பலாமா என்று எழுது.

அன்பு மாறாத
அக்னஸ் அக்கா


ஷெஃபீல்டு
6 மே 2003

என் அக்காவுக்கு,

பென்சன் எழுதுகிறேன். ஜூலியா சுகம். எனக்குக் காது தவிர எல்லாம் சுகம்.

குறிப்பில் பொய் எழுதியவன் நான்தான். அதற்காக வட்டத்தில் ஆளையே நீக்குவார்கள். நீ அடித்துத் திருத்திவிட்டாய். தட்சிணாமூர்த்தி சாருக்கு உண்மையைத் தனியாக எழுதிவிட்டேன். இடத்தை உன் பெயருக்கே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பதினான்கு பக்கத்தையும் தட்டோடு ஓடவிட்டேன். 'டீ'யில் ஐம்பத்தாறு வினாடியும் வாசற்படிமேல் நின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில். விதிகளை எழுதியபோது ஒன்று விட்டுப்போயிற்று. கச்சேரிக்கு வேறு மூலம் எதுவும் கிடைக்காதபோது, குறைபட்ட பிரதியானாலும் வட்டம் ஏற்றுக்கொள்ளும். குறையை ஒளிக்காமல் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நீ எழுதிவிட்டாய். அதனால் அனுப்பு.

இன்னொன்று. ஜனவரியில் உறை மாறி வந்த தட்டைத் திருப்பி அனுப்பப்போவதில்லை. ஆனால் குறிப்பில்லாத தட்டை வைத்திருப்பது முறையல்ல. பன்னிரண்டு பேரில் யார் எங்கே நிற்கிறார்கள், பாப்பம்மாள் அக்கா எந்த இடத்தில் தாளத்தை விட்டு ஓடுகிறார்கள், எல்லாம் எழுது. உன் ஆல்ட்டோ எந்த நிமிடத்தில் நுழைகிறது என்பதை மட்டும் வினாடிவரை சரியாகப் போடு.

உன் தம்பி
பென்சன்